மக்கு டிரம்

அந்தப் படத்தை நான் பார்த்தது கல்லூரி நூலகத்தில். ஊரைவிட்டுப் போன ஒரு வெளிநாட்டுக்காரர் தன் வீட்டில் சேர்ந்திருந்த பழைய பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாகக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தோட்டம், சமையல், ஸ்வெட்டர் பின்னுவது என்று எல்லாமே அந்த மாதிரி விஷயங்கள். யாரும் தொடமாட்டார்கள். நான் தொடுவேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அச்சடித்த காகிதம் ஒன்றைப் படிக்காமல் விட்டுவிட்டால் எனக்குச் சேரவேண்டியதை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டது போல இருக்கும்.

படத்தில் தொப்பி போட்ட ஒரு பெண் தன் வீட்டுத் தோட்டத்தில் நின்று ஒரு பீப்பாயைக் கைப்பிடியால் சுற்றிக்கொண்டிருந்தாள். காய்கறித் தோல், இலை, புல் எல்லாவற்றையும் உள்ளே போட்டு, தினமும் சில சுற்று சுற்றினால் கொஞ்ச வாரங்களில் உரமாகிவிடும் என்று கீழே எழுதியிருந்தது. குழி வெட்டவேண்டாம், கிளறவேண்டாம். அந்தப் பீப்பாய்க்குள் என்ன இருக்கும் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. சும்மா சுற்றினால் எல்லாம் அடியிலேயே வழுக்கிக்கொண்டு கிடக்காதா? எது அதைத் தூக்கிப் புரட்டும்? ரயிலில் ஆம்பூர் வந்து சேரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து, ஆடி மாதத்தில், அப்பா மாட்டுவண்டியில் ஒரு டிரம்மோடு வந்து இறங்கினார்.

அப்பாவுக்கு டேனரியில் டிரம் வேலை. வீடு உயரத்துக்கு நிற்கும் மர டிரம்களில் தோலையும் பட்டைச் சாற்றையும் போட்டு ஓடவிட்டு, தோல் பதமாகும்வரை பக்கத்தில் நிற்கவேண்டும். இவர் கொண்டுவந்தது குட்டி டிரம். பெரிய டிரம்மில் நூற்றுக்கணக்கில் போடுவதற்கு முன்னால் இரண்டு மூன்று தோலை மட்டும் போட்டுப் பார்ப்பார்களாம். சாம்பிள் டிரம் என்று பெயர். என் இடுப்பு உயரம் இருக்கும். பலகைகளைச் சேர்த்து இரும்புப் பட்டை கட்டியது. வயிற்றில் ஒரு சதுரக் கதவு, அதற்கொரு தாழ். முதலாளி புதிதாக ஒன்று செய்துகொண்டதால் இது விறகுக்குப் போக இருந்தது. வெந்நீர் அடுப்புக்கு ஆகும் என்று அப்பா கேட்டு வாங்கி வந்திருந்தார்.

நான் தாழை நீக்கிக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். கடுக்காய் வாசனை. உள்சுவர் முழுக்க வரிசையாக மர முளைகள், கைப்பிடி நீளத்துக்கு. அவைதான் தோலைத் தூக்கிப் போடுகின்றன. பத்து நாளாக நான் யோசித்துக்கொண்டிருந்ததற்குப் பதில் என் அப்பாவின் டிரம்முக்குள் இருந்தது.

"அப்பா, இத எரிக்கக் கூடாது," என்றேன்.

"இன்னாத்துக்கும்மா?"

"கம்போஸ்ட் பண்ணப் போறேன்."

"இன்னாது, கரண்ட் போஸ்ட்டா?" என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்.

"மக்க வெக்கிறதும்மா. காய்கறித் தோலு, எல தழ எல்லாம் போட்டு மக்க வெச்சா உரமாவும்."

அம்மா கரண்டியோடு வெளியே வந்து டிரம்மைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஊரே நாத்தத்துலதான் பொழைக்குது. நீ வேற தனியா ஒரு நாத்தம் பண்ணணுமாடி?"

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. சில டேனரிகளில் பட்டைக்குப் பதில் குரோமியம் போட்டுப் பதனிடுவார்கள், அது மண்ணுக்கு விஷம். "இதுல குரோமியம் ஓடிச்சாப்பா?"

"எங்க டேனரில ஏதும்மா அதெல்லாம். ஆவாரம்பட்ட, வாட்டில் பட்ட, கடுக்கா. அவ்ளோதான்." தன் டிரம்மைப் பற்றி மகள் கேள்வி கேட்டதில் அவருக்குச் சந்தோஷம். "ஆனா ஒண்ணு. டிரம்முல போட்டா எதுவும் கெடாதும்மா. அதுக்குத்தானே டிரம்மு."

அந்தப் பேச்சை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கியிருந்தால் ஆறு வாரம் மிச்சமாகியிருக்கும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி நிலம். தோட்டம் என்று சொல்ல அதில் ஒரு முருங்கை மரத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. கிணற்றுத் தண்ணீர் பல வருடங்களாகவே உப்பு. எதை விதைத்தாலும் இரண்டு இலை விட்டு, ஓரம் வெளுத்து, படுத்துக்கொள்ளும். மண் காய்ந்தால் அதன்மேல் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளை பூக்கும். சின்ன வயதில் அதைத் தொட்டு நாக்கில் வைத்து அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

அந்த நிலத்தின்மேல் சித்தப்பாவுக்குக் கண். ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கும் வேலையில் இருந்தார். சொந்தமாக இரண்டு மெஷின் போட்டு ஜாப் வொர்க் எடுக்கவேண்டும் என்பது அவர் திட்டம். அதற்கு ஒரு கொட்டாய் வேண்டும், தரையில் சிமெண்ட் போடவேண்டும். டிரம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையே அதைக் கேட்டு வந்துவிட்டார். அதற்குள் அப்பாவும் நானும் டிரம்மை இரண்டு மரக்கட்டைகளின் மேல் ஏற்றி, அச்சு முனையில் ஒரு பழைய சைக்கிளின் பெடலைப் பட்டறையில் பற்றவைத்துக் கைப்பிடியாக்கி, முருங்கை மரத்தடியில் நிறுத்தியிருந்தோம்.

"இது இன்னா, பின்னாடி டேனரி தொறந்துட்டியாண்ணே?"

அப்பா சொன்னார். சித்தப்பா சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"மக்கு பண்றதுக்கா? காலேஜுக்கு அனுப்பி மக்கு ஆக்கிட்டு வந்திருக்கியேண்ணே பொண்ண!"

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று பட்டது. மூன்றாம் வகுப்பில் வாத்தியார் எனக்கு வைத்த பெயர் அது. வீட்டுக்கணக்கை வீட்டில் யாரிடமும் காட்ட முடியாது என்பதால் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டு போவேன். "எழுந்திரு மக்கு" என்பார். அடுத்த வருடம் வகுப்பில் முதலாவதாக வந்தேன். அதற்குப் பிறகு யாரும் என்னை அப்படிச் சொல்ல நான் விட்டதில்லை.

"சித்தப்பா, இந்த மண்ணுல நான் வெதச்சுக் காட்றேன். மொளைக்கலேன்னா கொட்டா போட்டுக்குங்க."

"எப்ப? உனக்குக் கல்யாணமாயி பேரன் பொறக்கும்போதா?"

அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தம்பியின் பேச்சைத் தட்டி அவருக்குப் பழக்கம் இல்லை, என் பேச்சையும். "தை பொறக்கட்டும்," என்றார். "அதுக்குள்ள பொண்ணு பச்சையா ஏதாச்சும் காட்டிச்சின்னா அதுக்கு. இல்லன்னா உனக்கு."

இப்படித்தான் அந்த நிலம் டிரம்மை நம்பி நின்றது. என் படிப்பும்கூடத்தான் என்று எனக்குத் தோன்றியது. தை பிறந்ததும் மேலே பி.எட். படிக்கக் கேட்கலாம் என்று இருந்தேன். ஒரு கீரையை முளைக்கவைக்கத் தெரியாத பெண், எந்த வாயால் அதைக் கேட்பது?

டிரம்மை நிரப்புவது லேசான வேலை இல்லை. எங்கள் வீட்டுக் காய்கறித் தோல் ஒரு பிடிதான் தேறும். பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஆபா வீடு. உருது பேசுகிற குடும்பம். தெருவே அவரை ஆபா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடும், அவரைவிட மூத்தவர்கள்கூட. அவர் கணவர் கல்யாணங்களுக்குப் பிரியாணி சமைப்பவர். கல்யாண நாட்களில் அந்த வீட்டுப் பின்வாசலில் வெங்காயத் தோல் மட்டுமே ஒரு கோணி சேரும். கூடவே புதினாக் காம்பு, கொத்தமல்லி வேர், பிழிந்து போட்ட எலுமிச்சை. சுவர்மேல் எட்டிக் கேட்டேன்.

"குப்பையா கேக்குற? எடுத்துக்கோ பேட்டி. அல்லா உனக்கு நல்ல புத்தி குடுக்கட்டும்," என்று சொல்லிக் கோணியைச் சுவர்மேல் தள்ளினார் ஆபா. பேட்டி என்றால் அவர்கள் மொழியில் மகள்.

வெங்காயத் தோல், புங்க இலைச் சருகு, மாட்டுச் சாணம், கொஞ்சம் மரத்தூள் என்று அடுக்கடுக்காகப் போட்டேன். டிரம் நிரம்ப ஆவணி பாதியாகிவிட்டது. எதை எவ்வளவு போட்டேன், என்ன நிறம், என்ன வாசனை என்று ஒரு நோட்டில் எழுதினேன். டிரம்மைச் சுற்றுவதே ஒரு வித்தை. ஈரமான சரக்கு ஒரு பக்கம் கனத்துக்கொண்டு நிற்கும். பெடலைப் பிடித்து மேலே கொண்டுவந்து, அந்தக் கனம் உச்சியைத் தாண்டும்வரை தள்ளவேண்டும். தாண்டியதும் 'தொப்'பென்று உள்ளே விழும், பெடல் கையிலிருந்து பறித்துக்கொண்டு போகும். முதல் நாளே முழங்கையில் ஒரு அடி. உச்சியைத் தாண்டாமல் விட்டால் திரும்பி வந்து அடிக்கும். அதுவும் வாங்கினேன்.

அப்பா வேலையிலிருந்து வந்ததும் டிரம்முக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். "நிமிஷத்துக்கு எத்தினி சுத்து?"

"நிமிஷத்துக்கு இல்லப்பா. நாளைக்குப் பத்து சுத்து. அவ்ளோதான்."

"நாளைக்கா?" அவருக்கு அது புரியவே இல்லை. "டிரம்முன்னா ஓடணும்மா. நிக்கிற டிரம்மு செத்த டிரம்மு."

நாலாம் நாள் கதவைத் திறந்தபோது முகத்தில் ஆவி அடித்தது. கையை உள்ளே விட்டால் காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுட்டது. தீயில்லை, வெயிலில்லை. வெங்காயத் தோலுக்கு எங்கிருந்து இந்தச் சூடு வருகிறது? பாடப் புத்தகத்தில் நுண்ணுயிர்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அத்தனை பேர் எங்கள் முருங்கை மரத்தடியில் வேலை செய்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்குப் புல்லரித்தது. ஓரத்தில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. அவற்றையும் மகிழ்ச்சியோடு நோட்டில் எழுதினேன்.

ஒரு வாரத்தில் சூடு அடங்கிவிட்டது. புழுக்களும் இல்லை. அடுத்த வாரம் ஒன்றும் மாறவில்லை. அதற்கடுத்த வாரமும் மாறவில்லை. ஆறாவது வாரம் ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். வெங்காயத் தோல் வெங்காயத் தோலாகவே, பளபளவென்று இருந்தது. புங்க இலையை இரண்டு விரலால் இழுத்தேன், கிழியவில்லை. வளைந்தது. நாற்றம்கூட இல்லை.

என் டிரம் குப்பையைப் பதனிட்டு வைத்திருந்தது.

சித்தப்பா வரும்போதெல்லாம் கதவைத் திறந்து பார்ப்பார். "அட, அப்படியே கீதே! ஊறுகா போட்டியா இன்னா?"

அவர் விளையாட்டாகச் சொன்னதுதான் எனக்கு முதல் வெளிச்சம். ஊறுகாய். அப்படியானால் உப்பு. கிணற்றுத் தண்ணீரைத்தான் நான் தெளித்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு செம்புத் தண்ணீரில் இவ்வளவு உப்பா இருக்கும்? வேறு எங்கிருந்தாவதுதான் வரவேண்டும். என் அறிவு நேராகச் சுவரைத் தாண்டிப் போயிற்று.

"ஆபா, நீங்க குடுக்கிறதுல சோறு, சால்னா, ஊறுகா எல்லாம் சேந்து வருதா? உப்பு ஜாஸ்தியா இருக்குது."

ஆபா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கையிலிருந்த துணியை மறுபடி வாளியில் போட்டார். "எச்சில் குடுத்தேன்னு சொல்றியா?"

"அப்படி இல்ல ஆபா..."

"வெங்காயத் தோலு, புதினாக் காம்பு. என் கையால பொறுக்கி, கல்லு இல்லாம, முடி இல்லாம குடுத்தேன். வாயில போட்டுப் பாரு, உப்பு இருக்குதான்னு." வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த வாரம் முழுக்கச் சுவர்மேல் கோணி வரவில்லை.

ஆபா சொன்னது மனதில் தைத்தது. வாயில் போடாமலே உப்பைக் கண்டுபிடிக்க எனக்கு வேறு வழி இருந்தது. அந்த வருடம் எங்கள் வேதியியல் செய்முறை வகுப்பின் பெயரே சால்ட் அனாலிசிஸ். பொடியைக் கொடுத்து, இதில் என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். மார்க்குக்காக எத்தனையோ உப்பைக் கண்டுபிடித்திருக்கிறேன். இந்த முறை மூன்று மருந்துப் புட்டிகளைக் கைப்பையில் வைத்து ரயிலேறினேன். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். ஒன்றில் ஆபா வீட்டு வெங்காயத் தோலை ஊறவைத்த தண்ணீர். ஒன்றில் டிரம்மின் சரக்கை ஊறவைத்த தண்ணீர். வெங்காயத் தோலையும் டிரம் சரக்கையும் ஊறவைக்கத் தெருக்குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டேன். கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்தால் எது யாருடைய உப்பு என்று எப்படித் தெரியும்?

என் வேலையை முடித்துவிட்டு, மேஜை ஓரத்தில் மூன்று சோதனைக் குழாய்களில் மூன்றையும் ஊற்றி, நைட்ரிக் அமிலம் சேர்த்து, சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுவிட்டேன். உப்பு இருந்தால் வெள்ளையாகத் திரியும். வெங்காயத் தோல் தண்ணீர் லேசாக மங்கியதோடு சரி. கிணற்றுத் தண்ணீர் பால் போல வெளுத்தது. டிரம் தண்ணீர் முதல் சொட்டிலேயே கட்டி கட்டியாகத் திரிந்து அடியில் இறங்கியது. 'தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு' என்று நூறு தடவை எழுதியிருக்கிறேன். உண்மையிலேயே தயிர் போல இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஆபா உப்புப் போடவில்லை. கிணறும் இவ்வளவு போடவில்லை. அப்படியானால் டிரம்முக்குள் யாரோ கையால் போட்டிருக்கிறார்கள்.

ரயிலில் வரும்போதே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்த ஒன்றரை மாதத்தில் அம்மா என்னை மூன்று தடவை கல்லுப்பு வாங்க அனுப்பியிருந்தாள். 'ஜாடிக்குக் கீழ ஓட்ட கீதா பாருடி' என்றுகூடச் சொன்னாள். நானே போய் வாங்கி வந்து, நானே ஜாடியை நிரப்பினேன்.

அன்று சாயங்காலம் அப்பா வந்து கைகால் கழுவும்வரை காத்திருந்தேன்.

"அப்பா, டிரம்முல உப்புப் போட்டது யாரு?"

"நான்தாம்மா," என்றார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. இன்று என்ன கிழமை என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல.

"எவ்ளோ?"

"தெனம் ரெண்டு கைப்பிடி. காலைல வேலைக்குப் போறச்சே." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீ நோட்டு எழுதிக்கினு இருந்த. நான் தொறந்து பாத்தா ஒரே சூடு. புழு வெச்சிருக்கு. கெட்டுப் போவுதேன்னு பகீர்னு ஆயிட்ச்சு. பச்சத் தோலு அப்படி சூடேறிச்சின்னா முடி கழண்டுக்கும்மா. அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. நீ பாவம், அத்தினி கஷ்டப்பட்டு சேத்து வெச்சது..."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அதான் என் ஜாடி காலியாச்சா! குப்பைக்கு உப்புப் போட்ட மொத மனுசன் நீதான்யா!"

எனக்குக் கோபம் வந்தது. ஆறு வாரம் போய்விட்டது. உப்பேறிய அந்தச் சரக்கை மண்ணில் போட்டால் முளைக்கிற புல்லும் முளைக்காது. ஆனால் யார்மேல் கோபப்படுவது? நான் ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது ஒரு கோடையில் டேனரியில் ஒரு லோடு தோல் சூடேறிக் கெட்டுவிட்டது. அப்பா அன்று சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சூடு, புழு, நாற்றம், முடி கழலுவது, இந்த நாலையும் எங்கே கண்டாலும் ஓடிப்போய் உப்பை அள்ளவேண்டும் என்பது அவர் கைக்குத் தெரிந்த ஒன்று. யோசித்துச் செய்வதில்லை, பால் பொங்கினால் அம்மா ஓடுவது போல. அவர் ஒளித்தும் செய்யவில்லை. கிணற்றைச் சந்தேகப்பட்டேன், ஆபாவைச் சந்தேகப்பட்டேன், மரப்பலகையைக்கூடச் சந்தேகப்பட்டேன். தினமும் பக்கத்தில் வந்து நின்ற அப்பாவிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு இதில் என்ன தெரியும் என்று நினைத்திருந்தேன்.

முதலில் ஆபா வீட்டுக்குப் போனேன். சுவர் வழியாக இல்லை, தெருவைச் சுற்றி முன்வாசல் வழியாக.

"தப்பா சொல்லிட்டேன் ஆபா. உப்புப் போட்டது எங்கப்பா."

ஆபா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். "குப்பைக்கா? குப்பைக்கு உப்பா?" உள்ளே திரும்பிக் கணவரிடம் உருதுவில் சொல்ல, அங்கேயும் சிரிப்பு. "நாளைக்குக் கல்யாண ஆர்டர் இருக்குது. ரெண்டு கோணி வரும். உங்கப்பாவ உப்பு ஜாடிகிட்ட விடாத பேட்டி."

டிரம்மைக் காலிசெய்து, உப்புச் சரக்கைத் தெருக்கோடிக் குப்பைமேட்டில் கொட்டி, மழைத் தண்ணீரால் ஏழெட்டுத் தடவை அலசினோம். அப்போது ஐப்பசி. நல்ல மழை. ஓட்டு விளிம்பில் அம்மாவின் அண்டா குண்டா எல்லாவற்றையும் வைத்துத் தண்ணீர் பிடித்தேன். மறுபடி நிரப்பினோம். இந்த முறை அப்பாவை வேலைக்கு வைத்துக்கொண்டேன்.

"உங்களுக்கு எதெல்லாம் கெட்ட அறிகுறியோ, அதெல்லாம் எனக்கு நல்லதுப்பா. தெனம் பாத்து சொல்லுங்க."

அவர் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "அப்ப நான் நல்லா கெடுக்கணும்."

"ஆமாம்."

"முப்பது வருசமா கெடாம பாத்துக்குனவன் நான்," என்றார். ஆனால் மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து டிரம்மைத் திறந்து கையை விட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் தினமும் எங்கள் வீட்டில் விடிந்ததும் இதே பேச்சு.

"கெட்டுதாப்பா?"

"இன்னிக்குக் கொஞ்சம் கம்மிதாம்மா. நேத்து நல்லா கெட்டுது."

"ஏன் கம்மி?"

"தண்ணி ஜாஸ்தி. உருட்டிக்கினு கீது பாரு." உண்மைதான். சரக்கு உருண்டு உருண்டு லட்டு போல ஆகியிருந்தது. உடைத்துப் பார்த்தால் நடுவில் பச்சையாக இருந்தது. ஈரம் அதிகமானால் டிரம் கலப்பதற்குப் பதில் உருட்டிவிடும் என்று எந்தப் பத்திரிகையிலும் போட்டிருக்கவில்லை. தோலிலும் அப்படி ஆகும் என்றார் அப்பா. ஒன்றோடொன்று சுருட்டிக்கொண்டு முடிச்சாகிவிடுமாம். நிறுத்தி, பிரித்துவிட்டு, ஓடவிடவேண்டுமாம். அவரே மரத்தூள் கொண்டுவந்து போட்டு, உருண்டைகளைக் கையால் உடைத்துவிட்டார். மூன்றாம் நாள் சூடு ஏறியது.

எடுத்த ஒரு பிடியைக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். பதமான தோலை அவர் பார்ப்பது அப்படித்தான். சம்பள நோட்டில் மை தடவி வைக்கிற அதே விரல். அழுத்திவிட்டுச் சொல்வார்: இன்னும் நாலு நாள், இன்னும் ரெண்டு நாள். நான் என் நோட்டில் சூடு, நிறம், வாசனை எல்லாம் எழுதி ஒரு கணக்குப் போடுவேன். பெரும்பாலும் அவர் சொன்னதே சரியாக இருந்தது. அதையும் நோட்டில் எழுதினேன். எழுதக் கொஞ்சம் மனசில்லாமல்தான்.

மார்கழி நடுவில் ஒரு காலை, கதவைத் திறந்ததும் நாற்றமும் இல்லை, சூடும் இல்லை. மறுபடியுமா? அப்பா ஒரு பிடி எடுத்து அழுத்தினார். விரலுக்கடியில் அது உதிர்ந்தது. கறுப்பாக, ரவை மாதிரி. வெங்காயத் தோலைத் தேடினேன், கிடைக்கவில்லை. முகர்ந்து பார்த்தேன். முதல் மழை விழுந்த மண் வாசனை.

"கெட்டு முடிஞ்சிட்ச்சும்மா," என்றார் அப்பா.

அவ்வளவு நிரப்பியதில் கிடைத்தது இரண்டு கூடைதான். நிலம் முழுக்கப் போட எங்கே காணும்? சுவரோரம் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு இடத்தைக் கொத்தி, மேல்மண்ணை வழித்துத் தள்ளிவிட்டு, இந்தக் கறுப்பைப் பரப்பி, முளைக்கீரை விதை தூவினேன். சேர்த்து வைத்திருந்த மழைத் தண்ணீர் ஒரு வாரத்துக்குத்தான் வந்தது. பிறகு ஆபா வீட்டிலிருந்து அரிசி கழுவிய தண்ணீர் வந்தது. அதைக் கொடுக்கும்போதெல்லாம், "நாக்குல வெச்சுப் பாத்துக்கோ பேட்டி, உப்பு இல்ல," என்பார் ஆபா. அதை அவர் விடவே இல்லை.

போகி அன்று சித்தப்பா மேஸ்திரியோடு வந்தார். கையில் அளக்கும் டேப். பின்கதவைத் திறந்துகொண்டு நேராக நிலத்துக்குப் போய், நின்றார்.

சுவரோரம் கீரை விரல் உயரத்துக்கு நெருக்கமாக எழுந்து நின்றது. இலை ஓரத்தில் ஒரு துளி வெளுப்புகூட இல்லை.

சித்தப்பா குனிந்து ஒன்றைப் பிடுங்கி, வேரைப் பார்த்து, மென்று பார்த்தார். "கீரதான்," என்றார் மேஸ்திரியிடம். பிறகு என்னிடம், "ஒரு கொழம்புக்குக்கூட ஆகாது. இதுக்கு ஆடிலேர்ந்து தையா?"

"மொளைக்கலேன்னாதானே சித்தப்பா கொட்டா? மொளச்சிருக்குது."

"பாய் அளவுக்கு மொளச்சிருக்கு. மீதி எடம்?"

அது நியாயமான கேள்வி. மீதி நிலம் எப்போதும் போல வெள்ளை பூத்துக் கிடந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கீரையையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. டிரம்மையும் மேஸ்திரியின் டேப்பையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொட்டா போட்டா டிரம்ம எங்கடா வெக்கிறது?" என்றார்.

"டிரம்மா? ஒடச்சுப் போடுண்ணே. வெறகுக்குத்தானே கொண்டாந்த."

"உள்ள சரக்கு கீது. போன வாரம் போட்டது. இப்பத்தான் சூடு புடிக்குது. நடுவுல நிறுத்தக் கூடாது." இப்படி வெடுக்கென்று அவர் தம்பியிடம் பேசி நான் கேட்டதில்லை. அதை உணர்ந்தவர் போலக் கொஞ்சம் தணிந்தார். "இந்தாண்ட பாதி எடுத்துக்க. ஒரு மெஷினு தாராளமா கொள்ளும். அந்தாண்ட பாதி பொண்ணுக்கு. வாக்கு குடுத்தது குடுத்ததுதான்."

சித்தப்பாவுக்கு மனத்தாங்கல்தான். பொங்கலுக்கு வீட்டுக்கு வரவில்லை. மாசியில் வந்து, பாதி நிலத்தில் தகரம் போட்டுச் சின்னதாக ஒரு கொட்டாய் எழுப்பினார், ஒரே ஒரு மெஷினோடு. நானும் அந்த மாசியில்தான் பி.எட். பற்றி அப்பாவிடம் பேசினேன். "அதுல இன்னா சொல்லிக் குடுப்பாங்க?" என்று கேட்டார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர என்றேன். "மக்குன்னு திட்டாம சொல்லிக் குடுப்பியா?" என்றார். நான் மூன்றாம் வகுப்பில் நடந்ததை அவரிடம் சொன்னதே இல்லை. தலையாட்டினேன்.

அடுத்த வருடம் பாய் அளவு, கட்டில் அளவானது. அதற்கடுத்த வருடம் வெண்டையும் கத்தரியும் வந்தன. தெருவில் அதற்கு மக்கு டிரம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. யாராவது அப்படிச் சொன்னால் எனக்கு இப்போது வலிப்பதில்லை.

ஒரு நாள் காலை நான் டிரம்மைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, சித்தப்பா கொட்டாயிலிருந்து ஒரு முறம் நிறையத் தோல் துண்டுகளோடு வந்தார். அப்பர் வெட்டியதில் மிஞ்சியவை. எங்கே கொட்டுவது என்று தினமும் அவருக்குப் பேஜார்.

"இன்னாம்மா டீச்சரு, இது மக்குமா?"

ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். அப்பாவின் டேனரித் தோல். பட்டையில் ஊறிய செம்பழுப்பு நிறம். கட்டை விரலால் அழுத்தினேன். பள்ளம் விழுந்து, விரலை எடுத்ததும் நிதானமாகப் பழையபடி எழுந்தது.

"மக்காது சித்தப்பா. எத்தினி வருசம் போட்டு சுத்தினாலும் மக்காது."

கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பா வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, தம்பியை ஒரு முறை முறைத்தார்.

"அது மக்குறதுக்காடா நான் அவ்ளோ நேரம் டிரம்முகிட்ட நின்னேன்? எடுத்துக்கினு போ அந்தாண்ட."